ஒகேனக்கலில் குடும்பத்துடன் ஒரு நாள் பரிசல் பயணம்: மூட்டுவலி உள்ள அம்மாவையும் 6 வயது மகனையும் அழைத்துச் செல்லலாமா?

மல்லிகைப்பந்தல்
செப்டம்பர் 6, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் சேலத்தில் வசிக்கிறோம். காலாண்டுத் தேர்வு விடுமுறையில் ஒரு நாள் ஒகேனக்கல் சென்று, பரிசலில் ஆற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம் என்று எண்ணியிருக்கிறோம். மொத்தம் எட்டுப் பேர். நானும் என் கணவரும், 11 வயது மகளும் 6 வயது மகனும், 68 வயதாகும் என் அம்மா, சென்னையிலிருந்து வரும் என் தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய 9 வயது மகள்.

இந்தப் பயணம் அம்மாவுக்காகவே. அவர் பிறந்தது மேட்டூர் அணையின் நீர்த்தேக்கக் கரையில், பண்ணவாடிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில். சிறுமியாக இருந்தபோது, நிலக்கடலை மூட்டைகளுக்கு நடுவே தாத்தாவின் காலடியில் உட்கார்ந்து பரிசலில் அக்கரையிலுள்ள நாகமரைக்குப் போய் வந்ததை இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தக் காலத்துத் தோல் பரிசல் வெயிலில் காயும்போது எழும் வாடைகூட அவருக்கு நினைவிருக்கிறது. பேரப்பிள்ளைகளோடு ஒரே ஒரு முறை பரிசலில் உட்கார வேண்டும் என்று சென்ற ஆண்டு கேட்டார். இரண்டு முழங்கால்களிலும் அவருக்கு மூட்டுவலி உண்டு. சமதரையில் மெதுவாக நடப்பார், ஆனால் தரையில் உட்கார்ந்து எழுவதற்கு ஒருவர் கை கொடுக்க வேண்டும். எங்களில் என் கணவரைத் தவிர யாருக்கும் நீச்சல் தெரியாது.

எந்த நாளில் போவது நல்லது, அம்மாவையும் சிறியவனையும் பரிசலில் ஏற்றுவது சரியா, எங்கள் பக்கமிருந்து என்னென்ன ஏற்பாடுகள் செய்துகொள்ள வேண்டும் என்பதைப் போய் வந்தவர்களும் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர்களும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பென்னாகரத்தான்
செப்டம்பர் 6, இரவு 10.45

வணக்கம் சகோதரி. எங்கள் ஊரைத் தாண்டித்தான் நீங்கள் போக வேண்டும் என்பதால் முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து மேச்சேரி, பெரும்பாலை, பென்னாகரம் வழியாக வந்தால் தருமபுரியைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியதில்லை. பென்னாகரத்தைத் தாண்டியதும் காடு தொடங்கிவிடும், அதன் பிறகு மலைப்பாதை இறக்கம். அந்தச் சாலையில் யானைகள் குறுக்கே வருவதுண்டு. ஆகவே விடியற்காலை இருட்டிலோ, பொழுது சாய்ந்த பிறகோ அந்தப் பகுதியைக் கடக்கும்படி பயணத்தை அமைக்காதீர்கள். வண்டியை நிறுத்திக் குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்கவும் வேண்டாம். அதற்குப் பழகிய குரங்குகள்தான் ஒகேனக்கலில் குழந்தைகளின் கையிலிருப்பதைப் பறிக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமையையும் தொடர் விடுமுறை நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். பெங்களூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வரும் கூட்டத்தில் பரிசல் துறையில் நீண்ட நேரம் வெயிலில் காத்திருக்க நேரும், அது உங்கள் அம்மாவுக்குப் பரிசல் பயணத்தைவிடப் பெரிய சிரமம். வார நாளில் காலை எட்டரை மணிக்குள் துறைக்கு வந்துவிட்டால் கூட்டமும் இராது, பாறையும் சுடத் தொடங்கியிருக்காது. கட்டணத்தைத் துறையில் அனுமதிச் சீட்டு கொடுக்கும் இடத்திலேயே செலுத்துங்கள். சாலையில் வண்டியை மறித்து, தானே எல்லாம் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்பவர்களிடம் எதையும் பேசி முடிக்க வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். கடைகளில் கட்லா, ரோகு, வாளை என்று பிடித்த மீனை நீங்களே பார்த்து வாங்கிக் கொடுத்தால், அங்கேயே அடுப்பு வைத்திருக்கும் பெண்கள் வறுத்தோ குழம்பு வைத்தோ தருவார்கள். ஆனால் பரிசல் பயணம் முடிந்த பிறகே சாப்பிடுங்கள். நிறைந்த வயிற்றோடு பரிசலின் சுழற்சியில் உட்கார்ந்தால் குழந்தைகளுக்குக் குமட்டும்.

நீர்ப்பாசனன்
செப்டம்பர் 7, காலை 6.30

அம்மையீர், நான் நீர்ப்பாசனப் பணியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தாங்கள் கேட்டவற்றுள் நாள் தேர்வு பற்றி மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன். அது சரியாக அமைந்தால் மற்ற கேள்விகளில் பாதி தாமாகவே தீர்ந்துவிடும்.

காவிரி தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. 'ஒகேனக்கலுக்கு நீர்வரத்து இத்தனை கன அடி' என்று நாளிதழ்களில் நாள்தோறும் வருகிறதே, அது விநாடிக்குப் பாயும் நீரின் அளவு. ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28.3 லிட்டர். 8,000 கன அடி என்று படித்தால், ஒவ்வொரு விநாடியும் சுமார் 2 லட்சத்து 26 ஆயிரம் லிட்டர் தண்ணீர் அந்தப் பாறைகளுக்கு நடுவே போகிறது என்று பொருள். கோடையில் இது சில நூறு கன அடியாகக்கூடச் சுருங்கும். வெள்ளக் காலத்தில் 1 லட்சத்தைத் தாண்டும். இவ்வளவு பெரிய வேறுபாடுள்ள ஆற்றில், சென்ற மாதம் போய் வந்தவருடைய அனுபவம் இந்த மாதம் போகிறவருக்கு அப்படியே பொருந்தாது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் பெய்கிறது. குடகு நீர் கிருஷ்ணராஜ சாகருக்கும், வயநாட்டு நீர் கபினி அணைக்கும் வந்து சேர்கின்றன. கிருஷ்ணராஜ சாகரின் கொள்ளளவு 49.45 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி), கபினியின் கொள்ளளவு 19.52 டி.எம்.சி. மட்டுமே. சிறிய அணை விரைவில் நிறைந்துவிடும் என்பதால், கிருஷ்ணராஜ சாகர் இன்னும் நிறையவில்லையே என்று நாம் நிம்மதியாக இருக்கும் வேளையிலும் வயநாட்டில் நான்கு நாள் விடாமல் மழை பெய்தால் கபினியிலிருந்து உபரிநீர் திறக்கப்பட்டு, ஓரிரு நாட்களில் ஒகேனக்கலில் ஆறு உயர்ந்துவிடும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வேறொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. பெங்களூர், ராமநகரம் பக்கம் பெய்யும் மழை அர்க்காவதி ஆற்றின் வழியாக மேக்கேதாட்டுக்கு அருகே சங்கமத்தில் காவிரியில் கலக்கிறது. அந்த நீரைத் தடுத்து நிறுத்திக் கணக்கிட்டுத் திறக்க அங்கிருந்து ஒகேனக்கல் வரை அணை எதுவும் இல்லை. அதனால் 'அணையில் திறப்பு இல்லை' என்ற செய்தியை மட்டும் நம்பி அந்த மாதங்களில் குழந்தைகளை அழைத்துச் செல்வது போதாது.

நீர்வரத்து உயர்ந்தால் மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் தடை விதிக்கும். சில நாட்களில் ஒரு பகுதியில் மட்டும் இயக்க அனுமதிப்பதும் உண்டு. என் கருத்தில், காலாண்டு விடுமுறை உங்கள் குடும்பத்துக்கு ஏற்ற காலம் அன்று. பொங்கலுக்குப் பிறகு, தை மாதத்தின் பிற்பகுதியிலோ மாசியிலோ போனால் நீர் தெளிந்து, ஓட்டம் தணிந்து இருக்கும், வெயிலும் முற்றியிராது. அருவியின் பேரோசை அப்போது கிடைக்காது, உண்மைதான். ஆனால் உங்கள் அம்மா கேட்டது பரிசலை அல்லவா?

அலையாத்தி
செப்டம்பர் 7, காலை 11.20

நான் சற்று மாறுபட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீச்சல் தெரியாத ஏழு பேர், அவர்களில் மூன்று குழந்தைகள், மூட்டுவலி உள்ள ஒரு மூதாட்டி என்னும்போது பாறைகள் நிறைந்த ஓர் ஆற்றை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? 2015-இல் ஒகேனக்கலில் பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் உயிரிழந்த செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்குப் பரிசல் என்றாலே மனம் பதறுகிறது.

என் அச்சத்துக்குச் சொந்தக் காரணமும் ஒன்று இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நீர்த்தேக்கத்தில் நாங்கள் படகில் ஏறினோம். என் மகளுக்குக் கொடுக்கப்பட்ட மிதவைச் சட்டையில் இரண்டு கொக்கிகளில் ஒன்று உடைந்திருந்தது. நான் சுட்டிக்காட்டியபோது, பத்து நிமிடப் பயணம்தானே என்று பதில் வந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்ததால் நானும் பேசாமல் ஏறிவிட்டேன். நடுவில் இன்னொரு படகின் அலை மோதிப் படகு சாய்ந்தபோது, மகளின் சட்டை தோளுக்கு மேல் ஏறி முகத்தை மறைத்ததைப் பார்த்தேன். ஒன்றும் நேரவில்லை. ஆனாலும் அன்று பேசாமல் இருந்ததற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

அதனால் பிச்சாவரத்தைப் பரிந்துரைக்கிறேன். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகத்தில், அலையாத்திக் காடுகளுக்குள் பிரியும் நீர்க்கால்வாய்களில் துடுப்புப் படகில் போகலாம். தண்ணீரில் இழுப்பு குறைவு, பல இடங்களில் ஆழமும் குறைவு. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு இல்லம் இருக்கிறது, படகில் பலகையில் காலைத் தொங்கவிட்டு உட்காரலாம் என்பதால் அம்மாவின் முழங்காலுக்கும் எளிது. சேலத்திலிருந்து தொலைவு அதிகம் என்பதையும், ஒரே நாளில் போய்த் திரும்புவது களைப்பு தரும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

துடுப்பு
செப்டம்பர் 7, இரவு 11.55

என் அப்பா நாற்பது ஆண்டுகளாக ஒகேனக்கலில் பரிசல் ஓட்டுகிறார். நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன், ஆனால் எனக்கு நீச்சலும் துடுப்பும் அந்த ஆற்றில்தான் வந்தன. அலையாத்தி அவர்களின் அச்சத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த 2015 விபத்துக்குப் பிறகு எங்கள் துறையில் பல வீடுகளில் அடுப்பு மூட்டாத நாட்கள் எனக்குத் தெரியும். ஆனால் பரிசல் எப்படிப்பட்டது, எப்போது கவிழும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது என்பதால் எழுதுகிறேன்.

பரிசல் மூங்கில் பிளாச்சுகளால் கூடைபோல் முடைந்து, விளிம்பைத் தடிப்பாகக் கட்டி, அடியில் நீர் புகாதபடி தாள் போர்த்தித் தார் பூசியது. முற்காலத்தில் தாளுக்குப் பதில் மாட்டுத்தோல். உங்கள் அம்மா சொல்லும் வாடை அதுதான். அடிப்பகுதி தட்டையாகவும் வட்டமாகவும் இருப்பதால் முழங்கால் அளவுத் தண்ணீர் இருந்தாலே மிதக்கும், பாறையில் உரசினாலும் மரப்படகைப்போல் பிளக்காமல் வளைந்துகொடுக்கும். இத்தனை பாறை உள்ள ஆற்றுக்கு எங்கள் முன்னோர் இதைத் தேர்ந்தெடுத்த காரணம் அது. அதன் குறை என்னவென்றால், அதற்கு முனையும் இல்லை, படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் நடுக்கட்டையும் இல்லை. உட்கார்ந்திருப்பவர்களின் எடைதான் அதை நிலைநிறுத்துகிறது. எல்லோரும் சுற்றிலும் சமமாக, கீழே உட்கார்ந்திருக்கும்வரை அதைக் கவிழ்ப்பது கடினம். படம் எடுக்க இரண்டு பேர் ஒரே பக்கம் எழுந்து நின்றால், ஓட்டுபவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் அதைத் தாங்கிப் பிடிக்க முடியாது. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றுவதும் அப்படியே. விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே உள்ள சில அங்குலங்கள்தான் உங்கள் உயிர், கூடுதலாக ஏறும் ஒவ்வொருவரும் அதைக் குறைக்கிறார்.

ஆகவே நீங்கள் எட்டுப் பேரும் இரண்டு பரிசல்களில் போங்கள். நீச்சல் தெரிந்த உங்கள் கணவர் சிறியவனோடும் அம்மாவோடும் இருக்கட்டும். ஒரே பரிசலில் போனால்தான் மகிழ்ச்சி என்று பிள்ளைகள் அடம்பிடித்தாலும் இணங்காதீர்கள். இரண்டு பரிசல்களும் அருகருகே வரும்படி கேட்டுக்கொண்டால் அப்படியே ஓட்டுவார்கள்.

பரிசலை நடு ஆற்றில் பம்பரம்போல் சுற்றிக் காட்டுவது வழக்கம். வேண்டாம் என்றால் ஏறும்போதே சொல்லிவிடுங்கள், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். இன்னொன்று, நீர் குறைவான காலத்தில் சில இடங்களில் எல்லோரும் இறங்கிப் பாறையிலோ மணலிலோ நடக்க வேண்டும். ஓட்டுபவர் பரிசலைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிவந்து மறுபக்கத்து நீரில் போடுவார். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்த நடை அம்மாவால் முடியாது. சின்னாறு துறையிலிருந்து மணல்மேடு, பெரியபாணி என்று நீளும் முழுச் சுற்றுக்குப் பதிலாக, அமைதியாக ஓடும் பகுதியில் மட்டும் அம்மாவை அழைத்துப்போய்த் திரும்பும்படி ஓட்டுபவரிடம் முன்னதாகப் பேசுங்கள். அன்று எந்தத் துறையிலிருந்து, எது வரை இயக்குகிறார்கள் என்பதை நீர்வரத்துதான் முடிவு செய்யும். அதனால் போன பிறகுதான் இதைப் பேச முடியும்.

மல்லிகைப்பந்தல்
செப்டம்பர் 8, இரவு 8.40

ஒவ்வொருவரும் இவ்வளவு அக்கறையோடு எழுதியிருப்பது மனத்தைத் தொடுகிறது. பதில்கள் அனைத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிச்சாவரம் பற்றி வாசித்தபோது, "அது உப்புத்தண்ணி, எனக்கு என் ஆறு வேணும்" என்று மட்டும் சொன்னார். தோல் பரிசலைப் பற்றித் துடுப்பு எழுதியதை இரண்டாவது முறை வாசிக்கச் சொன்னார். ஆகவே ஒகேனக்கல் என்பது முடிவாகிவிட்டது. தம்பி விடுப்பு எடுத்துவிட்டதால் காலாண்டு விடுமுறையில் போகவே இப்போதும் விரும்புகிறோம். நாள் நெருங்கும்போது நீர்வரத்தைப் பார்த்து முடிவு செய்கிறோம்.

கைத்தடி
செப்டம்பர் 9, காலை 7.15

நான் இயன்முறை மருத்துவப் பணியில் இருக்கிறேன், அம்மாவின் முழங்கால் பற்றி மட்டும் சொல்கிறேன். பரிசலுக்குள் காலை மடக்கிச் சம்மணமிட்டு உட்கார வைக்காதீர்கள். அரை மணி நேரத்தில் மூட்டு இறுகிவிடும். காற்றடைத்த தலையணையோ மடித்த போர்வையோ வைத்து, காலை நீட்டி உட்காரும்படி இடம் ஒதுக்குங்கள். உயரமான முக்காலி வேண்டாம், உட்காருபவரின் எடை மேலே போனால் பரிசல் ஆடும். ஏறும்போது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஒருவர் பரிசலுக்குள்ளும் ஒருவர் கரையிலும் நின்று அவருடைய முன்கையைத் தாங்க வேண்டும், அவர் முதலில் விளிம்பில் உட்காராமல் நேரே நடுப்பகுதியில் காலை வைக்க வேண்டும். இதை வீட்டில் ஒரு பாயை விரித்து நான்கைந்து நாட்கள் பழகிப் பாருங்கள். உட்கார்ந்து எழுவது வீட்டிலேயே முடியாவிட்டால் ஆற்றில் முயல வேண்டாம்.

மல்லிகைப்பந்தல்
செப்டம்பர் 26, மாலை 5.30

நாளை மறுநாள் புறப்பட இருந்தோம். மூன்று நாட்களாக நீர்வரத்து ஏறிக்கொண்டே இருந்தது, இன்று காலை பரிசல் இயக்கத் தடை விதிக்கப்பட்டதாகச் செய்தி வந்துவிட்டது. தம்பியின் பெண் அழுதுகொண்டிருக்கிறாள். அருவியையாவது தொலைவிலிருந்து பார்த்துவிட்டு வரலாமா என்று யோசிக்கிறோம்.

சாலைக்காற்று
செப்டம்பர் 26, மாலை 6.05

சென்னையிலிருந்து வந்துவிட்டார்கள் என்பதால் திட்டத்தைக் கைவிட வேண்டாம். தடை என்பது பெரும்பாலும் முன்னெச்சரிக்கைதான். நேரில் போய்க் கரையோரத்தில் விசாரித்தால், ஓட்டம் குறைந்த பக்கமாக யாராவது கொஞ்ச தூரம் அழைத்துச் செல்லக்கூடும்.

துடுப்பு
செப்டம்பர் 26, மாலை 6.20

ஐயா, தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள். தடை விதிக்கப்பட்டால் அன்று எங்கள் வீட்டில் வருமானம் இல்லை. வெள்ளம் நீடித்தால் வாரக்கணக்கில் இல்லை. அந்த இழப்பைத் தாங்கிக்கொண்டு என் அப்பா பரிசலைக் கரையில் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால், அவருக்கு அந்த ஆறு தெரியும் என்பதால்தான். நீர் ஏறும்போது நேற்று வரை வெளியே தெரிந்த பாறை இன்று ஒரு சாண் ஆழத்தில் மறைந்திருக்கும், அதன் பின்னால் சுழல் விழும். கரையிலிருந்து பார்த்தால் அந்த இடம்தான் அமைதியாகத் தெரியும். கையில் பணத்தோடு ஒரு குடும்பம் வந்து கெஞ்சும்போது, கடன் உள்ள எவனாவது ஒருவன் இணங்கிவிடக்கூடும். அவனை அந்த நிலைக்குத் தள்ளாதீர்கள்.

நீர்ப்பாசனன்
செப்டம்பர் 26, இரவு 7.00

துடுப்பு சொல்வதற்கு ஒரு கணக்கை மட்டும் சேர்க்கிறேன். ஓடும் நீர் ஒரு பொருளைத் தள்ளும் விசை, நீரின் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். சமவெளியில் கூடுதலாக வரும் நீர் அகலத்தில் பரவிவிடும். ஒகேனக்கலின் பாறை இடுக்கில் அதற்கு அகலம் இல்லை, எனவே அது உயரமாகவும் வேகமாகவும் மாறுகிறது. இதை ஒரு துடுப்பால் எதிர்கொள்ள முடியாது.

சாலைக்காற்று அவர்கள் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார் என்று அறிவேன். ஆயினும் அம்மையீர், தாங்கள் தை மாதத்துக்கு ஒத்திவையுங்கள்.

சாலைக்காற்று
செப்டம்பர் 26, இரவு 9.30

சிந்திக்காமல் எழுதிவிட்டேன். துடுப்பு அவர்களிடமும் சகோதரியிடமும் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

அலையாத்தி
ஜனவரி 18, காலை 10.00

பொங்கல் கழிந்துவிட்டதால் இந்த இழை நினைவுக்கு வந்தது. சகோதரி, நீங்கள் போவதாக இருந்தால் குழந்தைகளின் மிதவைச் சட்டையைப் பற்றி ஒரு வேண்டுகோள். துறையில் கொடுப்பதை அப்படியே மாட்டிவிடாதீர்கள். கொக்கிகள் அனைத்தும் பூட்டுகின்றனவா என்று பாருங்கள். பிறகு குழந்தையைக் கையை உயர்த்தச் சொல்லி, சட்டையின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை முகவாயைத் தாண்டி ஏறினால் அது பெரிது, மாற்றித்தான் ஆக வேண்டும். 6 வயதுச் சிறுவனுக்குப் பெரியவர்களின் சட்டையை இறுக்கிக் கட்டி அனுப்புவது எந்தப் பயனும் தராது. கால்களுக்கிடையே பட்டை உள்ள குழந்தைகளுக்கான சட்டை விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. குழந்தையின் எடைக்கு ஏற்றதா என்று அதன் உள்பக்கச் சீட்டைப் பார்த்து, ஒன்றை வாங்கியே எடுத்துச் செல்லுங்கள். வரிசையில் நிற்பவர்கள் என்ன சொன்னாலும் பொருட்படுத்தாதீர்கள்.

மல்லிகைப்பந்தல்
பிப்ரவரி 6, இரவு 9.50

நேற்று முன்தினம், புதன்கிழமை, போய் வந்தோம். நீங்கள் அனைவரும் கேட்கக் காத்திருப்பீர்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஐந்தரை மணிக்குச் சேலத்திலிருந்து கிளம்பி, நன்கு விடிந்த பிறகு காட்டுச் சாலையைக் கடந்து, எட்டே கால் மணிக்குத் துறையில் இருந்தோம். எங்களுக்கு முன் இரண்டு குடும்பங்கள் மட்டுமே. நீர் பச்சைக் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. மகனுக்கு முன்பே வாங்கிய சட்டையைச் சேலத்தில் எங்கள் தெருவிலுள்ள நீச்சல் குளத்தில் அணிவித்துப் பழக்கியிருந்தோம். தம்பி மகளுக்குத் துறையில் கொடுத்த முதல் சட்டை தோளைத் தூக்கிப் பார்த்தபோது மூக்குவரை வந்தது. மாற்றிக் கேட்டேன், முகம் சுளிக்காமல் வேறொன்று எடுத்துக் கொடுத்தார்கள். அலையாத்தி அவர்களே, அந்த நேரத்தில் உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

கைத்தடி அவர்கள் சொன்னபடி நான்கு மாதங்களாக அம்மா பாயில் உட்கார்ந்து எழுந்து பழகினார். இருந்தும் துறையின் படிகளில் ஈரம் இருந்ததால் மிகவும் தயங்கினார். ஓட்டுபவர் எங்கள் வயதை ஒத்தவர். அம்மா அவரிடம், "பண்ணவாடித் துறையில எங்கப்பாவைத் தெரியாத பரிசக்காரங்க கெடையாது தம்பி" என்று சொன்னதும், அவர் பரிசலை நீரிலிருந்து மணல்மீது பாதி இழுத்து வைத்து, அம்மாவை உட்கார வைத்த பிறகு, இன்னொருவரின் துணையோடு மெல்லத் தண்ணீருக்குள் தள்ளினார். காலை உயர்த்தி விளிம்பைத் தாண்டுவதற்குத் தேவையே ஏற்படவில்லை. மூட்டுவலி உள்ளவர்களை அழைத்துச் செல்வோர் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலில் அம்மா, கணவர், மகன், நான் ஆகிய நால்வரும் அமைதியான பகுதியில் மட்டும் ஏறத்தாழ அரை மணி நேரம் போய் வந்தோம். சுற்ற வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். நடு ஆற்றில் அம்மாவே, "ஒரு தடவை சுத்து தம்பி, மெதுவா" என்றார். அவர் மெதுவாக ஒரே ஒரு சுற்றுச் சுற்றினார். அம்மா கையை நீரில் விட்டபடி ஒன்றும் பேசாமல் இருந்தார். மகன் மட்டும் பாட்டி அழுவதாக என் காதில் சொன்னான்.

பிறகு அம்மாவையும் சிறியவனையும் கரையில் நிழலில் உட்கார வைத்துவிட்டு, என் கணவர் அவர்களுடன் இருக்க, மற்ற ஐவரும் இரண்டு பரிசல்களில் முழுச் சுற்றுக்குப் போனோம். பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும்போது மேலே வானம் ஒரு பட்டையாகத் தெரிகிறது. தேநீரும் முறுக்கும் விற்பவர்கள்கூட அங்கே பரிசலில்தான் வருகிறார்கள். பரிசலைத் தலையில் தூக்கிய இடத்தில் நாங்கள் நடந்த பாறை வழுக்கலாக இருந்தது, அம்மாவை அழைத்து வராதது எவ்வளவு சரி என்று அங்கே புரிந்தது.

ஒரே ஒரு வருத்தம். குளிக்கும் இடத்தின் ஓரத்தில் ஷாம்பு உறைகளும் தண்ணீர்ப் பாட்டில்களும் குவிந்து கிடந்தன. புளூரைடு கலந்த நிலத்தடி நீரால் துன்பப்பட்ட தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் போவது இந்த ஆற்று நீர்தான் என்று என் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறேன். போகிறவர்கள் ஒரு காலிப் பையை எடுத்துச் சென்று, தங்கள் குப்பையையாவது திரும்பக் கொண்டுவாருங்கள்.

துடுப்பு
பிப்ரவரி 6, இரவு 11.30

அப்பாவிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். பரிசலைப் பாதி மணலில் இழுத்து வைத்து ஏற்றியவர் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவை நலம் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

கைத்தடி
பிப்ரவரி 7, காலை 6.50

மறுநாள் முழங்கால் எப்படி இருந்தது?

மல்லிகைப்பந்தல்
பிப்ரவரி 7, மாலை 6.15

வீக்கம் இல்லை. ஒரு நாள் மட்டும் வலி இருந்தது, ஒத்தடத்தில் சரியாகிவிட்டது. இப்போது அம்மா அடுத்ததாகப் பண்ணவாடிக்கே போக வேண்டும் என்கிறார். கோடையில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் இறங்கும்போது, மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி வெளியே தெரியுமாம், சிறுமியாகப் பார்த்ததைப் பேத்திகளுக்குக் காட்ட வேண்டுமாம். எப்போது போனால் தெரியும் என்று நீர்ப்பாசனன் ஐயா சொல்ல வேண்டும்.

நீர்ப்பாசனன்
பிப்ரவரி 7, இரவு 8.00

அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அது வெகுவாக இறங்கிய ஆண்டுகளில் மட்டுமே நந்தி தெரியும், பழைய கிறித்தவ தேவாலயத்தின் கோபுரமும் அப்படியே. எல்லாக் கோடையிலும் தெரியும் என்று உறுதி சொல்ல முடியாது. நீர்மட்டம் நாளிதழில் தினமும் வருகிறது. ஏப்ரல் மாதத்திலிருந்து நான் பார்த்து வருவேன், ஏற்ற நிலை வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.